பாலாற்று மணலில் நீல மூட்டை: கதிர்வீச்சுக் கழிவா?

மே 14, காலை 7.10 (கேட்பவர்: விஷாரம் தம்பி)

எங்கள் மேல்விஷாரம் பக்கம் ஆற்று மணலில் பத்துப் பதினைந்து மூட்டை கிடக்கிறது. ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தவர்கள், உள்ளே நீலமாக ஏதோ மின்னுகிறது என்கிறார்கள். வேலூர் ஆஸ்பத்திரிகளில் கேன்சருக்குக் கரண்டு (கதிர்சிகிச்சை) வைக்கிறார்களே, அந்தக் கழிவை ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுவந்து போடுகிறார்கள் என்று வாட்ஸப்பில் ஒரு ஆடியோ சுற்றுகிறது. உண்மையா? அந்தக் கழிவையெல்லாம் நிஜத்தில் எங்கேதான் கொட்டுகிறார்கள்?

மே 14, இரவு 9.35

நான் காட்பாடி. இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன். டாக்டரும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. குப்பை தெரியும்.

கரண்டு வைக்கிற மெஷின்களில் இப்போது பெரும்பாலும் இருப்பது லீனியர் ஆக்ஸிலரேட்டர். மின்சாரத்தில்தான் ஓடும், சுவிட்சை அணைத்தால் கதிரும் நின்றுவிடும். அதிலிருந்து மூட்டை மூட்டையாக எதுவும் வராது. பழைய கோபால்ட் மெஷின் வேறு. அதன் வயிற்றில் கோபால்ட்-60 இரவும் பகலும் கதிர் விட்டுக்கொண்டே இருக்கும். கவசத்தைத் திறந்து மூடுவதுதான் மெஷினுடைய வேலை. 5.27 வருஷத்தில் சக்தி பாதியாகிவிடும். அப்புறம் அந்தச் சின்ன உருளையைக் கனத்த உலோகக் கவசத்தோடு, கொடுத்தவர்களுக்கே திருப்பி அனுப்ப வேண்டும். நம் நாட்டில் மும்பையில் இருக்கிற 'பிரிட்' என்ற அரசு அமைப்பு அந்த வேலையைச் செய்கிறது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அனுமதிக்காமல் ஓர் அங்குலம் நகர்த்தக் கூடாது. 1987-லேயே இதற்குத் தனி விதி வந்துவிட்டது.

ஆகவே உங்கள் மூட்டை அதுவாக இருக்காது. ஆனாலும் கிட்டே போகாதீர்கள்.

மே 14, இரவு 11.50

படுத்தேன், தூக்கம் வரவில்லை. "நீலமாக மின்னுகிறது" என்ற வார்த்தைதான் காரணம்.

1987 செப்டம்பர், பிரேசிலில் கோயானியா என்ற ஊர். காலி செய்துவிட்டுப் போன ஒரு மருத்துவமனைக் கட்டடத்தில் பழைய எக்ஸ்ரே மெஷின் ஒன்று கிடந்தது. இரண்டு பேர் அதைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போட்டார்கள். உள்ளே சீசியம்-137 பொடி. இருட்டில் நீலமாக ஒளிர்ந்தது. கடைக்காரருக்கு அது ஏதோ தெய்வ கடாட்சம் மாதிரிப் பட்டிருக்கிறது. வீட்டுக்கு எடுத்துப்போனார், சொந்தக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். ஆறு வயதுக் குழந்தை அந்தப் பொடி ஒட்டிய கையோடு சாப்பிட்டது. செத்தவர்கள் நாலு பேர், அந்தக் குழந்தையும் அதில் ஒன்று. சுமார் 1,12,000 பேரை வரிசையில் நிற்கவைத்துச் சோதித்தார்கள். 249 பேர் மேல் பொடி ஒட்டியிருந்தது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே மாதிரி வாந்தி வருகிறதே, இந்தப் பொடிதான் காரணம் என்று முதலில் சந்தேகப்பட்டது கடைக்காரரின் மனைவி. ஒரு பையில் போட்டு, பஸ் ஏறி, சுகாதார அலுவலகத்தில் கொண்டுபோய் வைத்தார். பிழைக்காத நாலு பேரில் அவரும் ஒருவர்.

மே 15, காலை 6.20

நேற்று ராத்திரி தூக்கக் கலக்கத்தில் "எக்ஸ்ரே மெஷின்" என்று எழுதிவிட்டேன். தப்பு. அது கதிர்சிகிச்சை மெஷின். எக்ஸ்ரே மெஷினில் கதிரியக்கப் பொருள் எதுவும் கிடையாது, பிளக்கைப் பிடுங்கினால் வெறும் இரும்பு.

இன்னொன்று. அந்தக் கதையை எழுதியே இருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. அதற்குள் அதையும் யாரோ ஆடியோவாக்கி அனுப்பிவிட்டார்கள், என் மச்சினி போன் செய்து கேட்கிறாள். தம்பி, கோயானியாப் பொடி விளக்கே இல்லாத இருட்டில் தானாக ஒளிர்ந்தது. உங்கள் ஆட்கள் டார்ச் அடித்துப் பார்த்து நீலம் என்கிறார்கள். டார்ச் அடித்தால் என் லுங்கிகூட நீலம்தான்.

மே 16, மாலை 5.00

"சரி, ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுக் கழிவே கிடையாதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உண்டு. கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

நியூக்ளியர் மெடிசின் என்று ஒரு பிரிவு இருக்கும். ஸ்கேனுக்கு டெக்னீஷியம் போடுவார்கள், அதன் அரை ஆயுள், அதாவது கதிர் பாதியாகக் குறைய ஆகும் நேரம், 6 மணி. காலையில் ஊசி போட்ட சிரிஞ்சு அடுத்த நாள் காலையில் பதினாறில் ஒரு பங்குக்கு வந்திருக்கும். தைராய்டு கேன்சருக்குக் குடிக்கக் கொடுப்பது அயோடின்-131, அதற்கு 8 நாள். குடித்தவரைத் தனி அறையில் வைப்பார்கள். அந்த அறைக் கழிப்பறை ஊர்ச் சாக்கடையில் சேராது. தனிக் குழாய் வழியாகத் தொட்டிக்குப் போய், ஒரு தொட்டி நிறைந்ததும் மூடி, அடுத்ததைத் திறந்து, முதல் தொட்டியை வாரக்கணக்கில் அப்படியே விட்டுவைப்பார்கள். கதிர் அடங்கிய பிறகுதான் சாக்கடை.

இந்தக் கழிவு மொத்தத்துக்கும் மூன்றே வழி. ஆயுள் குறைந்ததை அடங்கும்வரை வைத்திரு. லேசாக இருப்பதை அளவு பார்த்து நீர்த்து விடு. மோசமானதைச் சுண்டவைத்து அடைத்துப் பூட்டு. ஆஸ்பத்திரியில் முக்கால்வாசி முதல் வழிதான். ஒரு சின்ன அறை, கனத்த சுவர், அலமாரி, ஒவ்வொரு பையிலும் மார்க்கரில் தேதி. ஊறுகாய் ஜாடியில் அம்மா தேதி எழுதி வைப்பதுபோல இருக்கும்.

ஒரு நாள் சாயங்காலம் அயோடின் வார்டுக் குப்பை, மற்ற வார்டுக் குப்பையோடு கலந்துவிட்டது. புதிதாகச் சேர்ந்த பையன், பைகளை ஒரே தள்ளுவண்டியில் போட்டு வந்துவிட்டான். வெளியே போகும் முன் கதிர் அளக்கும் மீட்டர் வைத்துப் பார்ப்பது வழக்கம், அதனால் தெரிந்தது. வண்டியில் நாற்பது பை. கதிர்வீச்சுப் பாதுகாப்பைக் கவனிக்கிற பிசிசிஸ்ட் மேடம் மீட்டரைப் பிடிக்க, நான் இரண்டு ஜோடி கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். கட்... கட்... என்று சோம்பேறித்தனமாக வந்த சத்தம், முப்பத்தோராவது பையில் அப்பளம் பொரிகிற மாதிரி ஆகிவிட்டது. பிரித்தால் ஒரு இளநீர் மட்டை, ஸ்ட்ராவோடு.

நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று நோயாளிக்குச் சொல்வார்கள். அவர் கொழுந்தன் பாசத்தில் வெளியே வண்டியில் இளநீர் வாங்கி உள்ளே அனுப்பியிருக்கிறார். அயோடின் எச்சிலில் வரும். ஸ்ட்ராவில் எச்சில்.

எண்பது நாள் அறையில் வைத்தோம். கதிர் போவதற்கு முன்னால் மட்டை அழுகிவிட்டது. அந்த நாற்றத்துக்கு மட்டும் மீட்டர் தேவைப்படவில்லை.

மே 17, காலை 8.15

எண்பது நாள் என்றது சரியில்லை. வீட்டுக்காரி ஞாபகப்படுத்தினாள், அது ஆடி மாதம், ஆவணியிலேயே மட்டையை எடுத்துவிட்டோம். பத்து அரை ஆயுள் காத்திருந்தால் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கீழே போகும், அதனால் அயோடினுக்கு 80 நாள் என்று வாய்ப்பாடு மாதிரிச் சொல்வோம். ஆனால் முடிவு சொல்வது மீட்டர்தான். ஆறு வாரத்தில் மட்டையும் சுவரும் ஒரே மாதிரி காட்டின, மேடம் நோட்டில் கையெழுத்துப் போட்டார், கதிர்வீச்சு ஸ்டிக்கரைக் கிழித்தோம், அப்புறம்தான் சாதாரண மஞ்சள் பைக்கு மாற்றினோம். ஸ்டிக்கரைக் கிழிப்பது முக்கியம். ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

மே 17, காலை 8.20

அந்தப் பையனை வேலையை விட்டு எடுக்கவில்லை. கேட்டார்கள், அதற்காக.

மே 19, இரவு 10.05

ஸ்டிக்கர் கதை.

என் மாமாவுக்குக் குடியாத்தத்தில் பழைய இரும்புக் கடை. பேப்பர், பாட்டில், எக்ஸ்ரே பிலிம்கூட வாங்குவார். பிலிமில் வெள்ளி இருக்கும், கழுவி எடுப்பவர்கள் வந்து வாங்கிப் போவார்கள். தொண்ணூறுகளின் கடைசி என்று நினைக்கிறேன், நான் வேலையில் சேர்ந்து ஒன்றிரண்டு வருஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனால் தராசுக்குப் பக்கத்தில் மூடி போட்ட சின்னக் கலயம் ஒன்று. மேலே மஞ்சள் ஸ்டிக்கர், கதிர்வீச்சுச் சின்னமான மூன்று இலை.

"டேய், இது ஏதோ ஃபேன் கம்பெனி சாமான்டா. ஆனா இன்னா கனம் கீது பாரு!" என்றார் மாமா.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒரு சொம்பு அளவுதான், ஒரு கையால் தூக்க வரவில்லை. ஈயம். கடையில் இருந்தவர்களைத் தெருவுக்கு விரட்டிவிட்டு எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். அப்போது எங்களிடம் இருந்த பிசிசிஸ்ட் சார் மீட்டரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தார். வாசலிலிருந்தே நீட்டிக்கொண்டு மெதுவாக நடந்தார். கட்... கட்... வழக்கமான சத்தம்தான். மூடியைத் திறந்தால் காலி. மருந்து வந்த பாத்திரம், மருந்து எப்போதோ தீர்ந்து, ஸ்டிக்கரைக் கிழிக்காமல் யாரோ எடைக்குப் போட்டிருக்கிறார்கள். சார் சாவியால் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தார். மாமா, "கதிரு இல்லன்னா ஈயம் ஈயந்தானே சார்?" என்று எடை போட்டு உள்ளே வைத்தார்.

2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரி செய்தி வந்தபோது மாமா எனக்குப் போன் செய்தார். அங்கே இருந்தது காலிக் கலயம் இல்லை. பல்கலைக்கழக வேதியியல் துறையில் வருஷக்கணக்காக யாரும் தொடாமல் கிடந்த கருவியை ஏலத்தில் விட, உள்ளே கோபால்ட்-60 இருப்பது தெரியாமல் இரும்புக் கடைக்காரர்கள் உடைத்துவிட்டார்கள். ஒருவர் இறந்தார், பலருக்கு உடம்பு வெந்தது. கடைக்காரருக்கு அந்த மூன்று இலையைப் பார்த்தால் எதுவும் தோன்றாது. அதனால்தான் 2007-ல் மண்டையோடு, ஓடுகிற ஆள் எல்லாம் போட்டு சிவப்பில் புதுச் சின்னம் ஒன்று கொண்டுவந்தார்கள்.

அந்தக் கலயத்தைக் கடையில் போட்டது யார் என்று மாமாவிடம் நான் கேட்கவே இல்லை. எங்கள் ஆஸ்பத்திரி பெயர் வந்துவிடுமோ என்ற பயம். மாமா போய்ச் சேர்ந்துவிட்டார், இனி கேட்க முடியாது.

மே 20, காலை 9.00

"பைக்கில் ரேடியம் ஒட்டியிருக்கிறேன், ஆபத்தா அண்ணே?" தம்பி, அதில் ரேடியம் கிடையாது. வெளிச்சம் பட்டால் திருப்பி அடிக்கிற பிளாஸ்டிக். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

பழைய பெட்ரோமாக்ஸ் மேண்டிலில்தான் நிஜமாகவே கதிரியக்கப் பொருள் இருந்தது, தோரியம். கல்யாண ஊர்வலத்தில் தலையில் தூக்கிப் போவார்களே, அதே விளக்கு. எரிந்து சாம்பலான மேண்டிலை ஊதி விளையாடியிருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லவும் கூச்சமாக இருக்கிறது, அது ஒரு வாதமே இல்லை.

மே 22, இரவு 9.15

கல்பாக்கம் அணுமின் நிலையம் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள் என்று தெரியும்.

நம் பாலாறு கடலில் சேருவது அங்கேதான், வயலூர் பக்கம். கல்பாக்கத்துக்காரர்கள் குடிப்பதும் பாலாற்று ஊற்றுநீர். "அங்கிருந்து இங்கே லாரியில் வருகிறது" என்று இன்னொரு ஆடியோவில் சொல்வது தலைகீழ். அவர்கள் கழிவைக் கையாளும் இடம் அவர்கள் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. கையுறை, துணி, துடைத்த பஞ்சு மாதிரிப் பொருள்களை அமுக்கி, சிமென்டில் கலந்து, கான்கிரீட் தொட்டிகளில் அதிக ஆழமில்லாமல் புதைத்துக் காவல் வைப்பார்கள். அணுமின் கழிவில் அளவில் பார்த்தால் தொண்ணூறு சதவீதம் இந்த ரகம், கதிரில் பார்த்தால் ஒரு சதவீதம்தான்.

மிச்சக் கொஞ்சத்தில்தான் மொத்த விஷமும். எரிந்த எரிபொருளைத் தண்ணீர்க் குளத்தில் வருஷக்கணக்கில் ஆறவைத்து, அமிலத்தில் கரைத்து, யுரேனியத்தையும் புளுட்டோனியத்தையும் பிரித்து எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சும் திரவத்தைச் சுண்டவைத்து, கண்ணாடிப் பொருளோடு ஆயிரம் டிகிரி வாக்கில் உருக்கி, எஃகுக் குடுவையில் ஊற்றி மூடுவார்கள். கண்ணாடி ஏன் என்றால், தண்ணீரில் சுலபமாகக் கரையாது, எல்லா மூலகத்தையும் தன்னுள் வாங்கிக்கொள்ளும். டிராம்பே, தாராப்பூர், கல்பாக்கம் மூன்று இடத்திலும் இந்த வேலை நடக்கிறது. ஆழத்தில் நிரந்தரமாகப் புதைக்கும் இடம் இந்தியாவில் இன்னும் இல்லை. பின்லாந்துக்காரர்கள் ஓங்காலோ என்று சுமார் 430 மீட்டர் ஆழத்தில் பாறையைக் குடைந்திருக்கிறார்கள்.

சிமென்டில் போட்டுப் புதைத்ததற்குக் காவல் எத்தனை காலம் என்று பார்த்தால் 300 வருஷம். சீசியத்தின் அரை ஆயுள் 30, அதை எங்கள் பத்து மடங்கு வாய்ப்பாட்டில் போட்டுப் பாருங்கள். எனக்கு உறுத்துவது இதுதான். ஆற்காட்டுக் கோட்டையில் கிளைவ் முற்றுகையில் மாட்டியது 1751-ல். இன்னும் 300 வருஷம் ஆகவில்லை. கோட்டையில் பார்க்கிற மாதிரி மிச்சம் இருப்பது டெல்லி கேட் மட்டும். அப்படியிருக்க, இந்தக் கழிவுக்கு 300 வருஷம் காவல் யார், நோட்டு எங்கே?

மே 23, மதியம் 1.30

"அணு உலைக்காரனுக்கு வக்காலத்தா?" என்று ஒருவர். கடைசிப் பத்தியைப் படிக்கவில்லை போல.

சரி, அவருக்காக அமெரிக்கக் கதை ஒன்று. நியூ மெக்சிகோவில் உப்புப் படிவத்துக்குள் கழிவுப் பீப்பாய்களை அடுக்கிவைக்கும் இடம். 2014 பிப்ரவரியில் ஒரு பீப்பாய் உள்ளேயே சூடாகி வெடித்தது. ஈரத்தை உறிஞ்ச, பூனைக்குக் கழிப்பிடமாகப் போடுகிற மண்ணைச் சேர்ப்பது வழக்கம். களிமண் ரகத்துக்குப் பதிலாகக் கோதுமையில் செய்த ரகத்தைப் போட்டுவிட்டார்கள், கழிவில் இருந்த நைட்ரேட்டோடு சேர்ந்து அது பற்றிக்கொண்டது. கிட்டத்தட்ட மூன்று வருஷம் அந்த இடம் மூடிக் கிடந்தது. எங்களுக்கு இளநீர், அவர்களுக்குப் பூனை மண்.

மே 25, மாலை 6.40

இன்று விடியற்காலை நானே போய்விட்டேன். கத்திரி வெயிலில் ஒன்பது மணிக்கு மேல் ஆற்று மணலில் கால் வைக்க முடியாது. பழைய சிநேகத்தில் பிசிசிஸ்ட் மேடமும் மீட்டரோடு வந்தார். விஷாரம் தம்பி வழி காட்டினார், ஆனால் கரையிலேயே நின்றுகொண்டார்.

பதினாலு மூட்டை. மீட்டர் காட்டியது காட்பாடியில் என் வீட்டு வாசலில் காட்டியதைவிடத் துளி குறைவு. எங்கள் பக்கம் கருங்கல் மலை, அதனால் இருக்கலாம் என்றார் மேடம். நாற்றம்தான் பத்தடியிலேயே சொல்லிவிட்டது. ஒரு மூட்டை கிழிந்திருந்தது. உள்ளே ஈரமான நார், பஞ்சு மாதிரிச் சுருள், வெளிறிய நீலம். குச்சியால் கிளறினால் கொத்தாக ஒட்டிக்கொண்டு வந்தது. தம்பியை "வந்து பாரு" என்று கூப்பிட்டேன். மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பார்த்தவர் சிரித்துவிட்டார். "அண்ணே, இது வெட் புளூ ஷேவிங். எங்க அப்பா முப்பது வருஷம் ஷேவிங் மெஷின்ல நின்னவரு."

குரோமியம் உப்பில் பதனிட்ட தோல் நீலமாக மாறும். கனம் ஒரே சீராக வரச் சீவும்போது உதிர்வது இது. ஊரே தோல் ஊர். பகலில் ஒருத்தரும் போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மே 25, இரவு 10.30

"அப்பாடா, வெறும் தோல் கழிவுதானா" என்று பதினைந்து பேர் கும்பிடு போட்டிருக்கிறீர்கள். எனக்கு அங்கேதான் கோபம் வருகிறது. அயோடின் 80 நாளில் காணாமல் போகிறது. குரோமியத்துக்கு அரை ஆயுள் கிடையாது. ராணிப்பேட்டையில் 1990-களின் நடுவில் மூடிய குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல். மழை பெய்தால் மஞ்சளாக ஊறும். உலகத்தின் மிக மாசுபட்ட பத்து இடங்கள் என்று 2006-ல் ஒரு பட்டியல் வந்தது, அதில் ராணிப்பேட்டையும் இருந்தது. "மாசு செய்தவனே செலவை ஏற்க வேண்டும்" என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் சொன்னது நம் வேலூர் மக்கள் போட்ட தோல் கழிவு வழக்கில்தான், சட்டக் கல்லூரியில் அதைப் பாடமாக நடத்துகிறார்கள். 2015 ஜனவரியில் சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் செத்தார்கள். இளநீர் மட்டைக்கு நாங்கள் வைத்த நோட்டில் நாலு கையெழுத்து. இதற்கெல்லாம் ஒரு ஸ்டிக்கர்கூட இல்லை.

மே 26, காலை 7.00

மேடம் படித்துவிட்டுத் திருத்தம் அனுப்பியிருக்கிறார். குரோமியத்தில் இரண்டு நிலை. ராணிப்பேட்டைக் குவியலில் மோசமானது ஆறாம் நிலை, தண்ணீரோடு ஓடும், புற்றுநோய் வரவைக்கும். தோல் சீவலில் இருப்பது மூன்றாம் நிலை, அவ்வளவு கொடுமை இல்லை. ஆறை மூன்றாக மாற்றவும் வழி உண்டு, இரும்பு உப்பு சேர்த்தால் மாறும். ஆக "ஒன்றும் செய்ய முடியாது" என்ற தொனியில் நான் எழுதியது தப்பு. செய்யலாம், செலவாகும்.

"கொளுத்திவிட்டால் முடிந்தது" என்று எழுதிய புண்ணியவானுக்கு: தயவுசெய்து வேண்டாம். எரித்தால் மூன்று ஆறாக மாறக்கூடும்.

தம்பி போட்டோவோடு புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

மே 31, இரவு 8.45

தம்பி போன் செய்தார். மூட்டையைக் காணோமாம். அதிகாரிகள் வந்து எடுத்துப்போனார்களா என்று கேட்டேன். இல்லை அண்ணே, சாக்கை மட்டும் காணோம் என்றார். பதினாலு சாக்கும் நல்ல சாக்கு. பழைய சாக்கு எடுப்பவர் யாரோ, உள்ளே இருந்ததை மணலிலேயே உதறிக் கொட்டிவிட்டு மடித்து எடுத்துப் போயிருக்கிறார். காற்றுக்கு நீலம் அக்கரை வரைக்கும் பரவியிருக்கிறதாம்.